கன்டெய்னருக்குக் கற்பூரம்

தேவநாதன் எந்தக் கன்டெய்னரையும் கற்பூரம் காட்டாமல் இறக்கவிட்டதில்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து லாரி வந்து நின்றதும் சிதம்பரம் குடோனுக்கு அவரே காரில் வருவார். கதவில் முத்திரையாக மாட்டியிருக்கும் சீலை வெட்டி, திறந்து, பித்தளைத் தட்டில் கற்பூரம் ஏற்றி மூன்று சுற்று. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை உள்ளே வைத்து முதல் மூட்டையைத் தொட்டுக் கும்பிடுவார். அதற்கு அப்புறம்தான் லோடு ஆட்கள் ஏற வேண்டும். முதல் கன்டெய்னர் வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம் என்று சொல்வார்கள். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த 2003இல் இருந்து எனக்குத் தெரியும்.

மூட்டைக்குள் இருந்தது உருளைக்கிழங்கு. ஹாலந்திலோ ஜெர்மனியிலோ வேகவைத்து, மசித்து, சூடான உருளையில் காயவைத்து, காகிதத்தைப் பொடியாகக் கிழித்தது போன்ற செதிலாக்கி அனுப்புவார்கள். ஃபிளேக்ஸ் என்போம். சிதம்பரத்தில் ஒரு நொறுக்குத்தீனி கம்பெனி அதைத் தேவநாதனிடம் வாங்கி மாவோடு பிசைந்து, தட்டி, பொரித்து, வண்ண வண்ணப் பாக்கெட்டில் அடைத்து விற்றது. ஒரு கரண்டி செதிலை டம்ளரில் போட்டுக் கொதிநீர் விட்டால் அரை நிமிடத்தில் மசித்த கிழங்காகிவிடும். ஒவ்வொரு சரக்கு வந்ததும் அதைக் கலக்கித் தேவநாதனிடம் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அவர் ருசி பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்.

மற்ற வேலை காகிதங்கள். கடலூர் முதுநகரில் இருந்த அலுவலகத்தில் கப்பல் பத்திரம், கிழங்கில் நோயில்லை என்று அந்த நாட்டு அரசு தரும் சான்றிதழ், சோதனைக்கூட அறிக்கை எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். பிளஸ் டூவும் டைப்ரைட்டிங்கும்தான் என் படிப்பு. அந்தக் காகிதங்களை அகராதி வைத்துப் படித்துப் படித்தே இங்கிலீஷ் கற்றேன்.

2004 டிசம்பரில் கடல் எங்கள் படகையும் வலையையும் அப்பாவையும் எடுத்துக்கொண்டது. அம்மா அதற்கு முன்பே இல்லை. நானும் தம்பி சிங்காரமும் மிச்சம். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. நிவாரணத்தில் நான்கு வீட்டுக்கு ஒரு படகு கொடுத்தார்கள். அவன் கரையில் நின்று அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "யக்கா, எனக்குக் கடல் வேணாம்" என்றான். தேவநாதனிடம் நான்தான் கேட்டேன். குடோனில் லோடு ஆளாகச் சேர்த்துக்கொண்டார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். அதை எந்தக் கணக்கிலும் மறைக்க முடியாது.

முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது சிங்காரம் கேட்டான்.

"நம்ம ஊர்ல கெழங்கே இல்லையா யக்கா? கப்பல்ல ஏத்திக்கிட்டு வராங்களே!"

"நம்ம கெழங்குல தண்ணி ஜாஸ்தி, சக்கரை ஜாஸ்தியாம். எண்ணெயில போட்டா கருத்துடுமாம்."

"அப்போ வெள்ளைக்காரன் கெழங்கு வேவுற வரைக்கும் வெள்ளையாவே இருக்கும்னு சொல்லு" என்று சிரித்தான்.

2007 கார்த்திகை ஒன்றாம் தேதி அவன் சபரிமலைக்கு மாலை போட்டான். கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடியற்காலைக் குளியல். வீட்டில் மீன் கிடையாது, கருவாடு கிடையாது. எங்கள் குப்பத்தில் மீன் வாசம் இல்லாத வீடு என்றால் மாலை போட்ட வீடுதான். குடோனில் எல்லாரும் அவனைச் "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மேஸ்திரி சிற்றம்பலம், அப்பா வயதுள்ளவர், அவரும்கூட "சாமி, அந்த மூட்டைய இப்படி தள்ளு சாமி" என்பாராம்.

அந்த மாதம் ஒரு கன்டெய்னர், பெட்டிகளை இறக்கி வைக்கும் சென்னை யார்டில் சிக்கிக்கொண்டது. சோதனை அறிக்கை தாமதம், மழை வேறு. முப்பத்தைந்து நாள் கிடந்ததில் மூட்டைகளில் வண்டு ஏறிவிட்டது. சனிக்கிழமை பூச்சிமருந்து போட்டார்கள். மருந்து என்றால் மாத்திரை. மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் அது காற்றில் கரைந்து விஷவாயுவாகும், கண்ணுக்குத் தெரியாது. திங்கட்கிழமை அதற்கான சான்றிதழ் ஃபேக்ஸில் என் மேஜைக்கு வந்தது. படித்தேன். எடுத்துக்கொண்டு தேவநாதன் அறைக்குப் போனேன்.

"சார், அந்தப் பெட்டியில மருந்து போட்டிருக்காங்க. ஏழு நாள் தொறக்கக் கூடாதுன்னு இருக்கு. தொறந்தப்புறமும் ஆறேழு மணி நேரம் காத்தாட விடணுமாம்."

"கம்பெனிக்காரன் வியாழக்கிழமை சரக்கு இல்லன்னா மெஷின நிறுத்துறேங்கறான். ஏழு நாளாம். அவன் அப்படித்தான் எழுதுவான். காத்துதானே, லாரி இங்க வர்றதுக்குள்ள பறந்துடும்."

"மண்டையோடு படம் போட்டிருக்கு சார்."

"எலி மருந்து பாக்கெட்லகூடத்தான் போட்டிருக்கான். வீட்ல வெக்கிறதில்லையா?"

காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நான் என் இடத்துக்குத் திரும்பினேன். மேஜையில் போன் இருந்தது. குடோனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று இந்த வருஷங்களில் எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டேன். பதில் ஒன்றுதான். எப்படியும் முதலில் உள்ளே கால் வைப்பது அவர்தான். விஷம் இருக்கும் இடத்தில் ஒருவர் தன் காலையே வைப்பாரா? அவரே போகிறார் என்றால் பயமில்லை என்று நினைத்தேன். அவர் வழக்கத்தை நம்பினேன்.

புதன்கிழமை காலையில் நடந்ததை லோடு ஆட்கள் சொல்லித்தான் தெரியும். சிற்றம்பலம் சீலை வெட்டினார். தேவநாதன் காரிலிருந்து இறங்கினார். ஆனால் கன்டெய்னர் பக்கம் வரவில்லை. குடோன் வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு, அங்கேயே நின்றுகொண்டார்.

"மாலை போட்ட சாமி இருக்கும்போது நான் எதுக்கு? இன்னிக்கு சாமி கையால நடக்கட்டும்" என்றாராம்.

எல்லாருக்கும் அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. சிங்காரத்துக்கும்தான். தட்டை இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறான். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு நாற்றம் வந்தது. பூண்டும் அழுகின மீனும் கலந்த மாதிரி. அந்த மருந்தின் வாடையே அதுதான். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து வந்த ஆட்கள் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். என் தம்பி போகவில்லை. அந்த வாடையில் பிறந்து வளர்ந்தவன் அவன். பதினைந்து நாளாக அதை மோந்து பார்க்காதவன் வேறு.

"இன்னா மாமா இது, மாலை போட்டவனுக்குக் கருவாட்டு வாசன காட்டுறீங்க?" என்று சிற்றம்பலத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு "சாமியே சரணம்" என்று கற்பூரம் காட்டி, வலது காலை வைத்து ஏறி, மேல் வரிசை மூட்டைகளைத் தள்ளிவிடுவதற்காகக் கூரைக்கும் மூட்டைக்கும் நடுவே இருந்த சந்தில் தவழ்ந்து உள்ளே போனான். நாலு மூட்டை வந்தது. ஐந்தாவது வரவில்லை. சிற்றம்பலம்தான் தவழ்ந்து போய் அவன் காலைப் பிடித்து இழுத்து வந்தார். அவரும் இரண்டு நாள் வாந்தி எடுத்துக் கிடந்தார்.

நான் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது தம்பி முகத்தை மூடியிருந்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் அழுதுவிட்டு இருந்திருப்பேனோ என்னவோ. அன்று சாயங்காலமே தேவநாதன் விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னார்: பையன் குடித்திருந்தான், போதையில் மூச்சு முட்டிவிட்டது. குடோன் சுவரோரம் ஒரு காலி குவார்ட்டர் பாட்டில் கிடந்தது. எந்தச் சுவரோரமும் கிடப்பதுதான். சிற்றம்பலமும் "ஆமா, குடிச்சிருந்தான்" என்று சொல்லிவிட்டார்.

மாலை போட்டவன் குடித்தான். எங்கள் குப்பத்தில் இதற்கு மேல் ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எடுக்கும்போது கழுத்திலிருந்து கழற்றிய மாலையை, அதைப் போட்டுவிட்ட குருசாமியிடம் கொண்டுபோனேன், மலையில் சேர்த்துவிடச் சொல்லி. அவர் கை நீட்டவில்லை.

"தண்ணி போட்ட கழுத்துல கெடந்தது. அத எப்படிம்மா இருமுடியோட எடுத்துக்கிட்டுப் போறது?"

வீட்டுக்கு எடுத்துவந்து சுவர் ஆணியில் மாட்டினேன். மாலை இருக்கிற வீட்டில் மீன் ஆகாது. அன்றிலிருந்து நான் மீன் சமைக்கவில்லை.

பத்தாம் நாள் கழிந்து குடோனுக்குப் போய் அந்தக் கன்டெய்னரைப் பார்த்தேன். காலியாக நின்றது. வலதுபக்கக் கதவில், கண் உயரத்தில், ஒரு சதுரமாகப் பசை ஒட்டியிருந்தது. மருந்து போட்ட பெட்டியில் ஒட்டுகிற மண்டையோட்டு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்த தடம். அதை விரலால் தொட்டேன். இன்னும் பிசுபிசுத்தது.

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். குழாயடியில் ஒருத்தி என் காதில் விழுகிற மாதிரியே சொன்னாள், "தம்பிய முழுங்குன எடத்துலயே போய் சோறு திங்கிறா பாரு" என்று. விழட்டும் என்று விட்டுவிட்டேன். தேவநாதன் மட்டும் சந்தோஷப்பட்டார். "உனக்குப் பெரிய மனசும்மா" என்றார்.

நான்கு வருஷம் அவருக்கு டம்ளரில் கிழங்கு கலக்கிக் கொடுத்தேன். கொதிநீர் ஊற்றும்போதெல்லாம் ஒரு நினைப்பு வரும். அதைத் தள்ளிவிடுவேன். அப்படிச் செய்தால் அது என் கையால் நடந்ததாகும். எனக்கு அது வேண்டாம். அவர் கற்பூரத்தாலேயே, அவர் வலது காலாலேயே நடக்க வேண்டும். அதற்கு மருந்து போட்ட பெட்டி ஒன்று வர வேண்டும். அது பற்றி அவருக்குத் தெரியக் கூடாது. ஆனால் 2007க்குப் பிறகு மருந்து போட்ட சரக்கு எதையும் அவர் உடனே குடோனுக்கு எடுக்கவில்லை. "யார்டுலயே காத்தாட விட்டுட்டு அனுப்பச் சொல்லு" என்பார். ஒன்றும் தெரியாதவர் அப்படிச் சொல்வாரா? நான் ஒவ்வொரு தடவையும் சரி என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். கன்டெய்னர்களை எண்ணிக்கொண்டு வந்தேன். இருபத்து மூன்று.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் அடித்தது. கடலூரில் முந்திரியும் பலாவும் விழுந்து கிடந்ததை ஊர் உலகம் எல்லாம் டிவியில் பார்த்தது. சிதம்பரம் குடோனில் நடந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை. கூரைத் தகடுகள் பிய்த்துக்கொண்டு போக, அடுக்கியிருந்த ஆயிரத்துச் சொச்சம் மூட்டைகளிலும் மழை இறங்கிவிட்டது. காய்ந்த செதில் தண்ணீரைக் குடித்து ஊதி, மூட்டைகளைக் கிழித்துக்கொண்டு கூழாக வழிந்து, முழங்கால் உயரத்துக்கு நின்றது. மண்வெட்டியால் வாரிக் கொட்டினார்கள். ஒரு வாரம் அந்தச் சாலையே புளித்துப் போய் நாறியது. வாசலில் நின்ற வேப்பமரமும் சாய்ந்து அடிக்கட்டைதான் மிச்சம். தேவநாதன் அந்தக் கட்டையின் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூரை போட்டு முடிக்க இரண்டு மாதமானது. அதுவரை அடுத்த கன்டெய்னர் சென்னை யார்டிலேயே கிடந்தது. அலுவலகத்தில் கரண்டும் போனும் இல்லாத நாட்களில் யார்டு ஏஜெண்ட் என் செல்போனுக்குத்தான் பேசிவந்தார். மின்சாரம் வந்த பிறகும் அதே பழக்கம். மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் கூப்பிட்டார்.

"மேடம், வண்டு தெரியுது. மருந்து போட்டுடட்டுமா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"போடுங்க."

"ஏழு நாள் இங்கயே வெச்சிருந்து அனுப்பவா?"

"வேணாம். எங்க குடோன்லயே மூடி வெச்சுக்கறோம். அனுப்பிடுங்க."

சனிக்கிழமை சான்றிதழ் வந்தது. அதை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் லாரி முதுநகரில் காகிதம் வாங்க நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போனார். நான் பின்பக்கம் போய்க் கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஓரத்தில் நகம் கொடுத்து உரித்தேன். கிழியாமல் முழுசாக வந்தது. நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். கதவில் சதுரமாகப் பசை. அதையும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் புதன்கிழமை, சோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஆறு லோடு ஆட்கள் இருந்தார்கள், சிற்றம்பலம் தலையில் துண்டு கட்டியிருந்தார். எட்டு மணிக்குத் தேவநாதன் கார் வந்தது. இளைத்திருந்தார். நெற்றியில் பெரிய சந்தனம்.

"அட, நீயே வந்துட்டியா பூங்காவனம்? நல்லதாப் போச்சு. ஆள் விட்டுக் கூப்பிடலாம்னு இருந்தேன்."

சிற்றம்பலம் பெரிய கத்தரியால் சீலை வெட்டினார். கதவின் இரும்புப் பிடியில் கை வைத்துக்கொண்டு உத்தரவுக்காக நின்றார். தேவநாதன் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். அவர் கன்டெய்னர் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பித் தட்டை நீட்டினார்.

"நீ காட்டும்மா."

"நானா சார்?"

"ஜோசியர் சொன்னாரு. இந்த எடத்துல ஒரு உசிரு நிக்கிதாம். அந்தக் குடும்பத்துக் கையால ஒரு தரம் காட்டி உள்ள கால் வெச்சுட்டா எல்லாம் சரியாப் போவுமாம்."

தட்டு என் கைக்கு வந்துவிட்டது. கட்டைவிரலில் சூடு ஏறியது. நான்கு வருஷமாக அவரையே பார்த்துவந்தேன், இந்தக் கணத்தை ஒரு தடவைகூட யோசித்ததில்லை. ஆனாலும் விட மனமில்லை.

"பொம்பள நான் எதுக்கு சார்? எப்பவும் போல நீங்களே காட்டுங்க" என்றேன்.

"இல்லம்மா, நீதான். சிற்றம்பலம், தொறய்யா."

சிற்றம்பலம் பிடியைத் தூக்கினார். அவர் முகம் இரண்டு கதவும் சேரும் இடுக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. என் தம்பியின் காலைப் பிடித்து இழுத்த மனுஷன். தம்பி குடித்தான் என்று சொன்னவரும் அவர்தான். இரண்டும் ஒரே முகம்.

"தொறக்காதீங்க!"

நான் கத்தியதில் எனக்கே காது அடைத்தது. சிற்றம்பலம் பிடியைக் கீழே விட்டார்.

தட்டைத் தரையில் வைத்தேன். பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வரி வரியாகத் தமிழில் சொன்னேன். இந்தக் கன்டெய்னரின் நம்பர். போட்ட மருந்தின் பெயர். போட்ட தேதி. ஏழு நாள் மூடியிருக்க வேண்டும். உள்ளே போனால் சாவு. நோட்டிலிருந்து ஸ்டிக்கரை எடுத்துக் கதவில் பசை இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினேன்.

தேவநாதன் முகம் வெளுத்தது.

"எப்ப வந்துச்சு இது?"

"சனிக்கிழம."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"2007ல சொன்னேனே சார். நாலா மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டீங்க."

சாலையில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இன்னா ஒளர்றா இவ? இந்தக் காத்தெல்லாம் ஒண்ணும்..."

"ஒண்ணும் பண்ணாது இல்ல சார்? லாரி வர்றதுக்குள்ள பறந்துடும். அப்படித்தான சொன்னீங்க? வாங்க. கற்பூரம் இன்னும் எரியுது. மாமா தொறந்து விட்டுட்டுத் தள்ளி நின்னுப்பாரு. நீங்க வலது கால வைங்க."

அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னும் ஓர் அடி. அப்படியே போய் வேப்பமரக் கட்டையருகே நின்றார். பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டார்.

கதவு இன்னும் திறக்கவே இல்லை.

சிற்றம்பலம் அந்தக் கைக்குட்டையையே பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து போனார்.

"அன்னிக்கும் இதே எடத்துலதான நின்னீங்க, மொதலாளி? இதே மாதிரி மூக்கப் பொத்திக்கிட்டு? சளின்னு சொன்னீங்க."

"போய் வேலைய பாருய்யா."

"எந்த வேல? நீங்க மொதல்ல உள்ள போங்க. பின்னாலயே நாங்க ஆறு பேரும் வரோம்."

தேவநாதன் கைக்குட்டையை எடுக்காமலே காரில் ஏறினார். அந்தக் கார் திரும்பியபோது தரையில் இருந்த தட்டின் மேல் சக்கரம் ஏறி அது வளைந்துபோனது. கற்பூரம் புழுதியில் சிதறி அணைந்தது.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து நின்றேன். சிற்றம்பலம் என்னிடம் திரும்பி வந்தார்.

"அவரு போயிருந்தா?"

நான் சான்றிதழை மடித்துப் பையில் வைக்கப் போனேன்.

"சொல்லு. அவரு உள்ள போய் விழுந்திருந்தா அவர இழுக்கப் போறது யாரு? நானு. இதோ இவன், அவன். ஒங்க தம்பிய இழுக்கப் போன மாதிரி. அத யோசிச்சியா?"

யோசித்திருக்கவில்லை. அவர் விழுந்ததும் கத்தித் தடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"நீயும் அந்தாளும் ஒண்ணுதான் போ" என்றார். பிறகு மற்ற ஆட்களின் எதிரிலேயே சொன்னார்: "குடிக்கலம்மா அவன். சுத்தமா இருந்தான். அப்படிச் சொல்லலன்னா ஆறு பேருக்கும் நாளைக்கு வேல இல்லன்னாரு. சொல்லிட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை சிற்றம்பலம் எங்கள் குப்பத்துக்கு வந்தார். செருப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டுக் குருசாமி வீட்டு வாசலில் நின்று, கூடியிருந்தவர்கள் எதிரில் அதையே திரும்பச் சொன்னார். அவர் சொல்லச் சொல்லப் புகார் மனுவை நான்தான் எழுதினேன். நான் உரித்த ஸ்டிக்கரைப் பற்றியும் அதில் எழுதினேன். மனு இன்னும் ஏதோ ஒரு மேஜையில் இருக்கிறது. நான் காகிதங்களோடு வாழ்ந்தவள், அவை எவ்வளவு நாள் தூங்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கன்டெய்னரைப் பத்து நாள் யாரும் தொடவில்லை. அதன் பிறகும் சிதம்பரம் வட்டாரத்தில் ஒரு லோடு ஆள்கூடத் தேவநாதன் பெட்டியில் ஏற ஒப்புக்கொள்ளவில்லை. "மொதல்ல அவர ஏறச் சொல்லு" என்பது அங்கே ஒரு பேச்சாகிவிட்டது. டீக்கடையில் யாராவது ஒருவன் டீயில் சந்தேகப்பட்டால்கூட மாஸ்டரைப் பார்த்து அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். கம்பெனிக்காரர்கள் வேறு இறக்குமதியாளரிடம் போனார்கள். குடோன் கைமாறியது. தேவநாதன் முதுநகரில்தான் இருக்கிறார். கோயிலில் பார்த்தால் தூண் பக்கம் ஒதுங்குகிறார். நான் ஒதுங்குவதில்லை. நின்று, அவர் கண்ணில் பட்டு, அவர் கை கைக்குட்டையைத் தேடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.

2012 கார்த்திகையில் குருசாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். இரண்டு கையையும் நீட்டினார். ஆணியிலிருந்து மாலையை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு தன் பைக்குள் வைத்தார். அந்த வருஷ இருமுடிகளோடு அது மலைக்குப் போனது.

பஸ் கிளம்பிய அன்று சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் வாளைக் கருவாடு கால் கிலோ வாங்கினேன். ஐந்து வருஷம் கழித்து அடுப்பில் அந்த வாசனை ஏறியது. ஜன்னலைத் திறக்கவில்லை. கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்து, சிங்காரத்தின் தட்டில் போட்டுத் தனியாக உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. தின்றுகொண்டிருக்கும்போது அந்தக் காலைப்பொழுது திரும்பத் திரும்ப மனதுக்குள் ஓடியது. சிற்றம்பலம் பிடியைத் தூக்குகிறார். நான் கத்துகிறேன். இன்னொரு தடவை பிடி உயர்கிறது. அந்தத் தடவை அங்கே சிற்றம்பலம் இல்லை, யாரும் இல்லை, தேவநாதன் மட்டும்தான், கையில் தட்டோடு. அந்தத் தடவை நான் கத்தவில்லை.